வியாழனுக்கு ஒலி தேவையில்லை

நவம்பர் ஒன்பதாம் தேதி மாலை, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்த மடிக்கணினியில், ஒரு வீடியோவிலிருந்து ஒலி நீக்கப்பட்டது.

முதலில் தொழில்நுட்பத்தைச் சொல்லிவிடுகிறேன். கோள்களைப் படம் பிடிக்கும் நாங்கள் வீடியோதான் எடுப்போம். அதிலுள்ள ஆயிரக்கணக்கான ஃபிரேம்களில் தெளிவானவற்றை ஒரு மென்பொருள் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரே படமாக்கித் தரும். ஆனால் என் கேமரா தரும் கோப்பை அது சீந்தாது. சுருக்கப்படாத ஏவிஐ கோப்பாக மாற்றிக் கொடுக்க வேண்டும். மாற்றும்போது இரண்டு கட்டங்களை எப்போதும் டிக் செய்து வைப்பேன்: ஒலியை நீக்கு, முடிந்ததும் மூலக் கோப்பை அழி. வியாழன் பேசுவதில்லை.

என் மாமனார் பேசுவார். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். தொண்டையில் புற்றுநோய், குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்றார் மருத்துவர். அதற்குள் அப்பாவின் குரலைப் பதிவு செய்துவிட வேண்டும் என்றாள் மனைவி. வீட்டில் நல்ல கேமரா என்னுடையதுதான். நானே பிடித்தேன்.

பத்து நிமிடம் பேசினார். மகளுக்கு, மகனுக்கு, இன்னும் பிறக்காத பேரப்பிள்ளைகளுக்கு. கடைசியில் கேமராவுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை தங்கமான மனுஷன். வியாழனைப் புடிச்சுட்டேன்னு ஒரு படம் காட்டினாரு பாருங்க, மழையில குண்டு பல்பு எரியற மாதிரியே இருந்துச்சு."

"சும்மா இருங்கப்பா," என்றாள் மனைவி, சிரிப்பை அடக்க முடியாமல். மச்சான் தொடையைத் தட்டிச் சிரித்தான். நானும் சிரித்தேன். கேமரா லேசாக ஆடியது. இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை நான்.

"பத்திரமா வெச்சிருங்க," என்றாள் மனைவி.

அறுவை முடிந்து அவர் மருத்துவமனையில் இருந்த வாரம், வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. கேமராவின் மெமரி கார்டு நிரம்பியிருந்தது. எல்லாக் கோப்புகளையும் மொத்தமாக மாற்றப் போட்டேன். வரிசையில் வியாழன், வியாழன், மாமனார், வியாழன். சிறு கட்டத்தில் அவர் முகம் தெளிவாகவே தெரிந்தது. அவரை வரிசையிலிருந்து எடுக்க ஒரு சொடுக்கு போதும். நான் தேநீர் போடப் போனேன்.

வந்தபோது வேலை முடிந்திருந்தது. மாமனாரின் மௌனம் மட்டும் நூறு ஜிபிக்கு மேல் இடம் பிடித்திருந்தது.

அழிந்த கோப்பை மீட்கலாம், அதன்மேல் வேறெதுவும் பதியாத வரை. அது எனக்குத் தெரியும். அன்றே கார்டு நிறைய வியாழனைப் பதிந்தேன். அப்படியொரு தெளிவான வானம் இனி எப்போது வாய்க்குமோ என்ற கவலை மட்டுமே காரணம்.

மாமனார் கழுத்தில் கட்டோடு வீடு திரும்பினார். தன் குரலைக் கேட்க வேண்டும் என்று சைகை காட்டினார். கணினியைச் சுற்றி உட்கார்ந்தோம். திரையில் வாய் அசைந்தது. மனைவி ஒலியை முழுவதும் கூட்டினாள்.

"என்னங்க, சத்தமே வரலையே?"

"ஸ்பீக்கர் போயிருக்கும்," என்றேன்.

மாமனார் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சுவரில் நான் புதிதாக மாட்டியிருந்த வியாழனைக் காட்டி, கையை உயர்த்தி, பல்பைத் திருகி மாட்டுவதுபோல் செய்தார். மச்சான் தொடையைத் தட்டிச் சிரித்தான்.

மறுநாள் புது ஸ்பீக்கர் வாங்கி வந்தேன்.