அறுவது பங்கு ஊரு

அறுவதா? நூத்துல அறுவது பங்கு வூடும் சிமிட்டித் தரையும்னா போட்டிருக்கு? எங்க, அந்தக் கம்ப்யூட்டர் பொட்டியை இப்படித் திருப்பு. ம்ஹூம், கண்ணாடி இல்லாம ஒண்ணும் தெரியல, நீயே சொல்லு. சேத்துக் காலோட உள்ள வரலாமான்னு தயங்கி நிக்காத பாப்பா, வா. இது சேறு பாக்காத தரையா? அந்தக் கொழாயில அலம்பிட்டு நாற்காலியில உக்காரு.

நெரவியில பஸ்ஸை விட்டு எறங்கி நடந்தேவா வந்தே? இந்த மழைக்காலத்துல ஒத்தப் பொம்பளப்புள்ளைய அனுப்பிச்சிருக்காங்களே. பேரு என்னன்ன? கவியா. நல்லாருக்கு. எம்பேரு சலோமி. நீ அம்மான்னே கூப்புடு, ஊருல பாதிப் பேரு அப்படித்தான் கூப்புடுறாங்க.

நீ வாசல்ல நின்னு சொன்னியே, அதைத் திருப்பிச் சொல்றேன், சரியான்னு பாரு. நாட்டையே கட்டங்கட்டமா கோடு போட்டுப் பிரிச்சு வச்சிருக்கீங்க. ஒரு கட்டம் நூறு மீட்டருக்கு நூறு மீட்டர். அதுல வூடு வாசல் எத்தினி பங்கு, வயலு எத்தினி பங்கு, தண்ணி எத்தினி பங்குன்னு கம்ப்யூட்டருக்குக் குடுத்துட்டா, வர்ற காலத்துல வெயிலு எப்படி அடிக்கும், மழைத்தண்ணி எங்க நிக்கும்னு அது கணக்குப் போட்டுச் சொல்லும். அதானே? அட, இதுல புரியாம போறதுக்கு என்ன இருக்கு. கொழம்புப்பொடி அரைக்கிற கதைதான். மல்லி இத்தினி, மொளகா இத்தினி. மொளகாயை ஒரு கை கூடப் போட்டுட்டா, அப்புறம் காரைக்கால்மேட்டுலேருந்து வஞ்சிரமே வந்து எறங்கினாலும் கொழம்பு கொழம்பாவா இருக்கும்? சிரிக்காத. நான் ஏழாப்பு வரைக்கும்தான், அதுவும் கன்னியாஸ்திரிங்க பள்ளிக்கூடத்துல.

சிமிட்டி வெயிலைப் புடிச்சு வச்சிக்கும்னு நீ சொல்றது நெசந்தான். எம்மவ ஜோஸ்பின் காரைக்கால் டவுனுக்குள்ளதான் குடியிருக்கா. அவ வூட்டுல ஒரு ராத்திரி படுத்துப் பாரு, செவுரு பகல் பூரா குடிச்ச வெயிலை ராத்திரியில கக்கும். இங்க அப்படி இல்ல. வெளக்கு வச்ச கொஞ்ச நேரத்துல வயக்காத்து உள்ள வந்து போத்திக்கடின்னு சொல்லும். இதைக் கொண்டுபோயி அறுவதுன்னு போட்டா? அப்ப நானும் டவுன்காரியா? சாமியார்கிட்ட சொல்லணும், சலோமி டவுன்காரி ஆயிட்டா, இனிமே பூசைக்கு ஆட்டோவுலதான் வருவான்னு.

சன்னல் வழியா பாரு. சிமிட்டி எங்கம்மா இருக்கு? அத்தனையும் சம்பாப் பயிரு. கதிரு இன்னும் வெளிய வரல, தண்டுக்குள்ள இருக்கு. தொட்டுப் பாத்தா மாசமா இருக்கற பொண்ணு வயிறு மாதிரி உருண்டையா இருக்கும். அந்த மோட்டார் கொட்டாயி வரைக்கும் நம்ம வயலு, நாலு மா, ஒண்ணேகால் ஏக்கருக்குக் கொஞ்சம் மேல. அதுக்கு அந்தாண்ட சுப்ராயன் வயலு. வூடு ஒண்ணு, மாட்டுக் கொட்டாயி ஒண்ணு, களம் ஒண்ணு. பத்துன்னு போட்டாலே அதிகம். மாத்தும்மா, மாத்து.

யாரு போட்டது இந்த அறுவதை? மேலேருந்து எடுக்குற படமா? இல்லையா? படத்துல பச்சையாத்தான் தெரியுதா? அப்ப படத்து மேல பழி இல்ல. ஆளு கையால மாத்தினதா. ஓ, அதுக்குன்னு ஆளுங்க இருக்காங்களா. படத்தை மட்டும் நம்பினா மணலும் உப்பளமும்கூட கட்டடம் மாதிரி வெள்ளையா தெரிஞ்சிடுமா. அதனால எடம் தெரிஞ்சவங்க பாத்துத் திருத்துவாங்க. சரி, அதுவும் வேண்டியதுதான்.

ஒங்க சாரா திருத்தினாரு? என்ன சொல்லித் திருத்தினாராம்? அந்த எடம் எனக்குத் தெரியும், இந்த வருஷம் அங்க நடவே கெடையாது, மனையாப் போவுதுன்னா? போன மாசத்துப் படத்தைப் பாத்தா பச்சைப்பசேல்னு இருக்கு, சாரு சொன்னதுக்கும் அதுக்கும் ஒத்து வரல, அதான் நேர்ல பாத்துட்டு வான்னு ஒன்னை அனுப்பிச்சிருக்காங்க. நல்ல கூத்து. யாரு வயலை யாரு மனையாக்குறது? இந்தப் பக்கத்து ஆளாமா அவரு? பேரு என்ன?

ம்?

இன்னொரு தரம் சொல்லு.

கிளாட்வின்.

இல்லம்மா, எனக்கு எப்படித் தெரியும். தெரியாது. பூனாவுல ஆபீசுல உக்காந்திருக்கறவரை நெரவியில கெடக்குறவளுக்கு எங்கேருந்து... தெரியாதும்மா. கேட்டியா, நட்டநடுப் பகல்ல கூவுது பாரு சேவலு. அதுக்கு நேரங்காலமே கெடையாது. இரு, அடுப்புல பாலை வச்சிட்டு வந்துட்டேன்.

இந்தா, காப்பி. சக்கரை போடலையா? ஐயோ, மறந்துட்டேன், குடு இப்படி. கண்ணா? ஒண்ணுமில்ல, பொகை. ஆமா, கேஸ் அடுப்புதான். கேஸ் அடுப்புலயும் சில நேரம் பொகையும். நீ குடி.

நடவு கெடையாதுன்னு ஒங்க சாரு சொன்னாரு பாரு, அதுவும் ஒரு வகையில சரிதான். நட்டிருக்கவே கூடாது. எம்மவன் நடாதன்னுதான் சொன்னான். அவன் வடக்க கம்ப்யூட்டர் வேலையில இருக்கான். அவுங்க அப்பா, சவரிநாதன்னு பேரு, காலமானப்புறம் நானும் ஜோஸ்பினும் சேந்து வயலை அவன் பேருக்கே ஆக்கிக் குடுத்துட்டோம். அப்பன் மண்ணு, ஆம்பளப்புள்ளை வச்சிக் காப்பாத்துவான்னு. ஞாயித்துக்கெழமையானா பூசை முடிஞ்சு நான் வூட்டுக்கு வர்ற நேரம் பாத்து போன்ல மூஞ்சி காட்டிப் பேசுவான். தவற மாட்டான். ஆடி மாசத்துல ஒரு தரம் சொன்னான், அம்மா, இந்த வருஷம் நடாத, ஒன் முட்டி வலிக்கு சேத்துல நிக்கக் கூடாது, பேசாம ரெஸ்ட் எடுன்னு.

எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? செபக்கூட்டத்துல ஒருத்தர் விடாம சொன்னேன். பக்கத்துவூட்டு அமுதத்துக்கிட்ட, ஒம்மவன் என்னிக்காவது ஒன் முட்டி எப்படி இருக்குன்னு கேட்டிருக்கானாடின்னு பீத்திக்கிட்டேன். அவ மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டுப் போயிட்டா. பாவம் அவ. அவ மவன் முட்டியைக் கேக்காட்டியும் ஒரே வூட்டுல உக்காந்து சோறு திங்கிறான்.

மோட்டார் கொட்டாயி ஓரமா நீலப் படுதா போட்டு மூடிக் கெடக்கு பாரு, அது என்னன்னு கேட்டேல்ல வர்றப்ப? கல்லு. மொழங்கை நீட்டுக் கல்லு, தலையில மஞ்சப் பெயிண்டு. ஆவணியில ஒரு வண்டி வந்து எறக்கிட்டுப் போச்சு. அதுக்கு முன்னாடி ஒருத்தன் மூணு காலுக் கருவியை வச்சிக்கிட்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பாத்துக்கிட்டு இருந்தான். கொம்யூன் பஞ்சாயத்துலேருந்து ரோடு அளக்குறாங்கன்னு நெனச்சேன். கல்லு எதுக்குப்பான்னு போன்ல கேட்டேன். வேலிக்கும்மான்னான். வேலின்னா வூடு கட்டப் போறான், இங்கயே வந்துடப் போறான்னு நானா முடிச்சுப் போட்டுக்கிட்டேன். எறக்கின ஆளுங்களுக்கு மோரு கலக்கிக் குடுத்தேன். அவுங்க போனப்புறம் கோயில்லேருந்து தீர்த்தம் கொண்டாந்து ஒரு கல்லு விடாம தெளிச்சு, ஆண்டவரே, எம்புள்ளை வேலிக்குக் காவலா இருன்னு வேண்டிக்கிட்டேன். மொழங்கை நீட்டுக் கல்லுல எந்த ஊருலம்மா கம்பி கட்டுவாங்க? ஆடு தாண்டிடாது? பொறந்ததுலேருந்து வேலி பாத்தவளுக்கு அது தோணல பாரு.

அப்புறந்தான் நட்டேன். புரட்டாசியில. ஏன் நட்டேன்னா, பொங்கலன்னிக்கு மொத கதிரை மாதா பாதத்துல வச்சிட்டு, அந்த நெல்லை அரைச்சு அவனுக்கு ஒரு மூட்டை அனுப்புறது எங்க வூட்டுப் பழக்கம். அவுங்க அப்பா இருந்தப்பலேருந்து. நடாட்டி புள்ளைக்கு எதைக் குடுத்து விடுறது, கடை அரிசியையா? அதான். அவனுக்குத் தெரியாம நட்டுட்டேன். பொங்கலுக்கு வந்து பாத்து அசந்து போவட்டும்னு. போன்ல பேசுறப்ப சன்னல் தெரியாம செவுத்துப் பக்கமா திரும்பி உக்காந்துக்குவேன், திருட்டுப் புள்ளை மாதிரி. வயலுக்குப் போனியாம்மான்னு கேப்பான். இல்லப்பான்னுடுவேன். அப்ப அவன் மூஞ்சி தெளியும் பாரு. ஒரு பாரம் எறங்கின மாதிரி. எம்முட்டி மேல இம்புட்டுப் பாசமான்னு, நான் போயி மெழுவத்தி ஏத்திட்டு வருவேன்.

ஜோஸ்பின் ஒரு நா வந்தவ வாசல்ல நின்னு வயலைப் பாத்துட்டுத் தலையில அடிச்சிக்கிட்டா. ஏம்மா நட்டே, ஏம்மா நட்டேன்னு ஒரே அழுவை. முட்டிதாண்டி, தைலம் தேச்சா போயிடும், அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாதன்னு கெஞ்சினேன். என்னை ஒரு பார்வை பாத்தா. அப்படியே பஸ்ஸுக்குப் போயிட்டா. அவளும் சொல்லல. எங்கிட்டயும் சொல்லல, அவங்கிட்டயும் சொல்லல. அது என்ன பார்வைன்னு இத்தினி நாளா எனக்கு வெளங்கல.

என்ன பண்ற, பொட்டியில? பத்துன்னு போடப் போறியா? இரு பாப்பா. இரு. மாத்தாத.

நான்தான் மாத்தச் சொன்னேன், ஆமா. அப்ப கணக்குப் போட்டுப் பாக்கல. காப்பி கலக்குறப்ப போட்டேன். நூறு மீட்டருக்கு நூறு மீட்டர்ன்னியே, அதுல எங்க நாலு மா பாதிக்கு மேல வந்துடும். வூடு, கொட்டாயி, களம், எல்லாம் சேந்தா அறுவது. மிச்ச நாப்பது சுப்ராயன் வயலு. ஒங்க பொட்டியில அந்த நாப்பது என்னவா இருக்கு, பாத்துச் சொல்லு. வயலாத்தானே? அதான். குத்துமதிப்பா போடுற ஆளுன்னா கட்டத்தையே மொத்தமா ஊருன்னு அடிச்சு விட்டிருப்பாரு. இவரு அடுத்தவன் வரப்பைத் தொடல. நம்மளது எங்க முடியுது, சுப்ராயனோடது எங்க ஆரம்பிக்குதுன்னு அதுல நடந்தவனுக்குத்தான் தெரியும்.

தப்பு இல்லம்மா அந்த அறுவது. அப்படியே விடு. உள்ளதைத்தான் போட்டிருக்கான். கம்ப்யூட்டருக்கு உள்ளதைச் சொல்லியிருக்கான்.

நான் ஒண்ணு கேக்குறேன். நெலம் வெறுமையா கெடந்திருந்தா நீ வந்தே இருக்க மாட்டேல்ல? படமும் அவன் போட்டதும் ஒத்துப் போயிருக்கும். ஒருத்தரும் தேடி வந்திருக்க மாட்டாங்க. நான் வேலிக்கல்லுக்கு செபம் பண்ணிக்கிட்டே இருந்திருப்பேன்.

சே சே, நான் யாரையும் சபிக்கிற ஆளு இல்ல. அப்படிப் பழகல. என்ன, செபமாலையில நடுநடுவே பரலோக மந்திரம் வரும், அதுல மன்னிக்கிற எடம் ஒண்ணு வரும். இன்னிக்கு அந்த எடத்துல எனக்கு நாக்கு எழும்புதான்னு பாக்கணும்.

கெளம்பிட்டியா? மழை வர்ற மாதிரி இருக்கு, அந்தக் கொடையை எடுத்துட்டுப் போ, பஸ் நிறுத்தத்துப் பொட்டிக்கடையில குடுத்துடு, வந்துடும். போறப்ப வரப்போரமா போ, பயிரை மிதிச்சிடாத.

ஒரு ஒத்தாசை பண்ணு பாப்பா. ஒங்க சாருக்கிட்ட பேசுவேல்ல? பயிரு நிக்குதுன்னு சொல்லு. தையில அறுத்துடுவோம், அது வரைக்கும் கல்லு ஊன வேணாம், அறுத்தப்புறம் ஊனிக்கட்டும்னு சொல்லு. அரிசி மூட்டை எப்பவும் போல வந்துடும்னும் சொல்லிடு. யாரு சொன்னதுன்னு கேட்டா, அந்தக் கட்டத்துல இருக்கற அம்மா சொன்னாங்கன்னு சொல்லு, போதும். எந்த அம்மான்னு கிளாட்வின் கேக்க மாட்டான்.