கறைக்கு மேல் ஒரு ரோஜா

தேநீரைக் கொட்டியது நான்தான் சார். அதிலிருந்தே எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் வாழ்த்தட்டைக் கம்பெனியில் பாண்டிலட்சுமி காலையிலிருந்து குனிந்து வெட்டிய காதலர் தின அட்டை மேல். விக்டோரியா ராணி காலத்து மாதிரி, வெள்ளைக் காகிதத்தில் ஊசியாலும் பிளேடாலும் எடுத்த லேஸ். "எம்புட்டு அழகு" என்று குனிந்தேன். கையிலிருந்த தம்ளரும் குனிந்தது.

அவள் திட்டவில்லை. கறையின் மேல் சிவப்புக் காகிதத்தில் ரோஜா வெட்டி ஒட்டி, "இந்தாங்க அண்ணாச்சி, ஒங்க சம்சாரத்துக்குக் குடுங்க" என்று நீட்டினாள். நாற்பத்தைந்து வயதில் எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பது சிவகாசிக்கே தெரியும். அறை முழுக்கச் சிரிப்பு. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான்.

அது 2004. லண்டன் ஆர்டர், நூற்றைம்பது அட்டை. மார்கழிக்குள் அனுப்ப வேண்டியது சூப்பர்வைசரான என் பொறுப்பு. அப்படி வெட்டும் கை எங்கள் கம்பெனியில் ஒன்றே ஒன்று. அவளுக்கோ கார்த்திகையில் கல்யாணம், காரியாபட்டி மாப்பிள்ளை. பிறகு வேலைக்கு அனுப்ப மாட்டார்களாம். அந்தக் கை அடுப்பங்கரையில் வீணாவதை என்னால் பொறுக்க முடியவில்லை. நான் கலையை மதிக்கிறவன்.

ஆகவே அந்த ரோஜா அட்டையில் "என் செல்லப்பாண்டிக்கு" என்று எழுதி, மாப்பிள்ளை வீட்டுக்குத் தபாலில் போட்டேன். செல்லப்பாண்டி என்று யாரும் கிடையாது. கையெழுத்தை அவளுடையது மாதிரி மாற்றக்கூட மெனக்கெடவில்லை. நிச்சயதார்த்தத் தட்டில் பழத்துக்கு அடியில் விரிக்க அவளே லேஸ் வெட்டிக் கொடுத்திருந்தாள். அந்த வீட்டில் அதைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். அதையும் அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், ஒரே கை வெட்டியது என்று தெரிந்துவிடும். பார்த்தார்கள்.

கல்யாணம் நின்றது. அதுவரை நான் நினைத்தபடிதான். அவளுடைய அப்பா பெத்தணனை நான் யோசிக்கவில்லை. "இந்தக் கைதான வெட்டுச்சு?" என்று கேட்டு, மகளின் வலது கையை எரிகிற அடுப்பில் வைத்து அழுத்தினாராம். இன்னும் ஐம்பது அட்டை பாக்கி இருந்தது சார். அன்று முழுக்க நான் சாப்பிடவில்லை.

ஆரஞ்சுப் பழத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"கவலப்படாத தாயி. கை ஆறட்டும். ஒன் இடம் அங்கனயே இருக்கும். அந்த வேலைன்னா ஒனக்கு உசுராச்சே" என்றேன்.

கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தாள்.

"அந்த ரோசாப்பூ அட்டைய ஒங்க கையிலதான அண்ணாச்சி குடுத்தேன். அப்புறம், அந்த வேலை எனக்கு ஒருநாளும் புடிச்சதில்ல. கல்யாணத்துக்கு நாள் எண்ணிக்கிட்டு இருந்தேன்."