உயர்ந்து திரும்பிய அலை

இஞ்சி டீயை என்னோடு ஆராய்ச்சி செய்த மாதங்கிதான் நன்றாகப் போடுவாள், சார். செவ்வாய்க்கிழமை மத்தியானமும் அவள்தான் போட்டாள். குடித்துவிட்டுத்தான் பேசினோம்.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். சுழலும் கருந்துளையைச் சுற்றி ஓர் எல்லை உண்டு. அதற்குள் போகும் பொருள் இரண்டாக உடைந்து, ஒரு பாதி சுழற்சிக்கு எதிராக உள்ளே விழுந்தால், மறுபாதி போனதைவிட அதிக ஆற்றலோடு வெளியே வரும். அதே மாதிரி ஒன்றைத் தண்ணீரில் காட்டப் பார்த்தோம். மாதாப்பூரில் ஒரு கொட்டகை, ஒரு தொட்டி, நடுவில் துளை. அங்கே சுழித்து இறங்கும் நீரை நோக்கி அலை அனுப்பினால், அது உயர்ந்து திரும்ப வேண்டும்.

திரும்பியது. எத்தனையோ வருஷப் பாடு, சார். என் வேலை நீட்டிப்பே அந்த அலையை நம்பித்தான் இருந்தது.

மாதங்கி மல்காஜ்கிரியில் வளர்ந்தவள், பட்டென்று சொல்லிவிடுவாள்.

"துளைய அடைச்சுட்டுப் பார்த்தேன் கிருஷ்ணன் சார். தண்ணி சுழலவே இல்ல, அப்பவும் அலை பெருசாத்தான் வருது. பம்பு ஆடுது, கூடவே தொட்டியும் ஆடுது, அதுதான் அலைய தூக்குது. நாளைக்கு இன்ஸ்டிட்யூட் டைரக்டர்கிட்ட சொல்லிடலாம்."

காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். "நீட்டிப்பு ஆர்டர் வரட்டும்மா. அப்புறம் சொல்லிக்கலாம்."

"நக்கோ சார், வேணாம். தெரிஞ்சுக்கிட்டே எப்படி?"

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சிரித்துக்கொண்டே சொன்னாள்.

துளையில் வைத்த அடைப்பை எடுக்க அவள் தொட்டிக்குள் கைவிட வேண்டியிருந்தது. அளவுக் கருவியில் இரைச்சல் வருகிறதென்று பம்பின் எர்த் ஒயரை நாங்களேதான் கழற்றியிருந்தோம். பம்பு நின்றிருந்தாலும், மெயின் சுவிட்சை அணைக்கும்வரை தண்ணீரில் கரண்ட் இருக்கும். ஒருமுறை அவளைச் சுள்ளென்று இழுத்திருக்கிறது. அதற்காகவே ஒரு வழக்கம் வைத்திருந்தோம். கைவிடுகிறவர் கேட்க வேண்டும். சுவிட்ச் அருகில் நிற்பவர் அணைத்துவிட்டுப் பதில் சொல்ல வேண்டும்.

"ஆஃபா சார்?" என்று கேட்டாள்.

என் கை சுவிட்சின் மேல்தான் இருந்தது. அணைக்கவில்லை. "ஆஃப்" என்றேன்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை விட்டாள், அவ்வளவு நம்பிக்கை.

அவள் அசைவு நின்ற பிறகு அணைத்தேன். அவளை ஓரமாகப் படுக்க வைத்தேன். அடைப்பை நானே எடுத்தேன். ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதற்கு முன் பம்பை ஓடவிட்டு ஓர் அலை அனுப்பிப் பார்த்தேன். உயரமாகத்தான் திரும்பியது, சார்.

நான் சொன்ன ஒரே பொய் அந்த 'ஆஃப்' மட்டும்தான். அலையில் பொய் இல்லை. அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.