பேட்டரி இல்லாத நெருப்பு

மேவிஸ்: ...அத விடுங்க. வேல கெடச்சிச்சா, இல்லியா?

அல்போன்ஸ்: சொல்லிக்கிட்டுத்தான இருக்கேன். முழுசா கேளு லா.

மேவிஸ்: சரி. ஈப்போ ஏரோப்பிளேன் பட்டறையில அப்படி என்னதான் கேட்டாங்க?

அல்போன்ஸ்: மேல பறக்கறப்ப பேட்டரி செத்துப்போச்சு. இஞ்சின் நிக்குமா, ஓடுமா?

மேவிஸ்: நிக்கும். நம்ம எஸ்டேட்டு தொர காரு, பேட்டரி போயி, கியா பார்ம் மல ஏத்தத்துல நின்னுச்சே.

அல்போன்ஸ்: கூட வேல கேட்டு வந்த மூணு பேரும் அதான் சொன்னானுங்க. நான் ஓடும்னேன்.

மேவிஸ்: அதெப்படி...

அல்போன்ஸ்: நான் முதுகுல மாட்டி மருந்தடிக்கிற மிசின்ல பேட்டரி பாத்திருக்கியா?

மேவிஸ்: இல்ல. கயித்தத்தான் இழுப்பீங்க.

அல்போன்ஸ்: உள்ள காந்தம் சுத்துது. அதுலயே கரண்டு வந்து பிளக்குல பொறி தட்டுது. அந்தச் சின்ன ஏரோப்பிளேன்லயும் அதே காந்தந்தான். இஞ்சினே அதச் சுத்திக்கும். ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கட்டும்னு ரெண்டு வச்சிருக்கான். பேட்டரி, ஸ்டார்ட் பண்றதுக்குத்தான்.

மேவிஸ்: இம்புட்டையும் இங்கிலீசுலயா சொன்னீங்க?

அல்போன்ஸ்: எங்க... மலாய்தான். "டியா புன்யா ஆப்பி, டியா சென்டிரி பிக்கின்."

மேவிஸ்: அது நெருப்ப அதுவே பண்ணிக்குமா... சிரிச்சிருப்பாங்களே.

அல்போன்ஸ்: நல்லா சிரிச்சாங்க. அப்பறம் அந்தப் பட்டறப் பெரியவரு சாவிய ஆஃப் பண்ணிட்டு, ஏரோப்பிளேன் மூக்குல இருக்கற காத்தாடிய கையால சுத்துன்னாரு. நான் கையப் பின்னால கட்டிக்கிட்டேன்.

மேவிஸ்: ஆஃப்தான பண்ணியாச்சு?

அல்போன்ஸ்: ஆஃப் பண்ணா, காந்தத்தோட கரண்டு ஒரு வயர் வழியா இஞ்சின் ஒடம்புக்கே போயிரும், பொறி தட்டாது. அவ்ளோதான். அந்த வயர் அறுந்திருந்தா காந்தத்துக்கு உசுரு இருக்கும், காத்தாடி சுத்திக் கைய வெட்டிரும். நம்ம வேலப்பன் மிசினு போன மாசம் ஆஃப் பண்ணியும் அடங்கலியே...

மேவிஸ்: முதுகுல மிசினு கத்த, எஸ்டேட்டு பட்டறை வரைக்கும் ஓடியாந்தாரு பாவம்.

அல்போன்ஸ்: அவங்ககிட்டயும் அதத்தான் சொன்னேன்.

மேவிஸ்: அப்ப கெடச்சிருச்சு.

அல்போன்ஸ்: ...இல்ல. வேற ஆள எடுத்துட்டாங்க.

மேவிஸ்: என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.

அல்போன்ஸ்: ...ஒண்ணாந்தேதி வரச் சொன்னாங்க. யோசிச்சுச் சொல்றேன்னுட்டேன். இது நீ பொறந்த எஸ்டேட்டு... உங்கம்மா அடுத்த லைன் வீட்டுல. உன்ன விட்டுட்டு என்னால அங்க இருக்க முடியாது மேவிஸு. நீ வரலன்னா நான் இங்கயே செடிக்கு மருந்தடிச்சிக்கிட்டு இருந்துர்றேன்.

மேவிஸ்: வர்றேன்னு கடுதாசி போடுங்க.

அல்போன்ஸ்: நீ?

மேவிஸ்: காலையில நீங்க பஸ் ஏறுனதுமே எஸ்டேட்டு ஆபீஸ் கிராணிகிட்டப் போனேன். வேலையாளுங்க செக்ரோல்ல இருந்து என் பேர வெட்டச் சொல்லிட்டேன்.