முதல் வரியைப் படிக்காதவன் தரும் மதிப்பீடு

அவையின் நடுநாயகமாக வீற்றிருந்து, என் பேச்சு நீளுமோ என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட தலைவர் அவர்களே! நிரலெழுதி நிரலெழுதித் தலை நரைத்த மூத்தோர்களே! வீட்டையும் வேலையையும் ஒருசேர ஆளும் தாய்மார்களே! பின்வரிசைதான் சொர்க்கம் என்று பிடிவாதமாக அமர்ந்திருக்கும் பெருமக்களே! அனைவருக்கும் என் அடக்கமான வணக்கம்.

என்னை உங்களுக்குத் தெரியும். நிரலில் காணாமல் போன ஓர் அரைப்புள்ளியை மூன்று நாள் தேடியவன். அன்றிலிருந்து எனக்கு 'அரைப்புள்ளி' என்றே பெயர். சிரியுங்கள், பரவாயில்லை, என் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

நம் நிரலாளர் சங்கம் எனக்கு ஒரு பணி தந்தது. இணையதளம் உருவாக்கும் இலவசக் கருவி ஒன்று வந்திருக்கிறது. கற்றுக்குட்டிகளுக்கு அல்ல, கைதேர்ந்தவர்களுக்கு. அதை ஆராய்ந்து, நாம் ஏற்கலாமா என்று அறிக்கை தர வேண்டும். ஆராய்ந்தேன். ஆனால் எதை ஆராய்ந்தேன் என்பதுதான் இன்றைய பேச்சு.

வெறும் மாதிரிப் பக்கத்தில் சோதித்தால் உண்மை தெரியுமா? தெரியாது. என் தங்கை ஒரு டயாலிசிஸ் நிலையத்தில் செவிலி. அந்த நிலையத்தின் இணையதளத்தையே இக்கருவியில் செய்து கொடுத்தேன். அமைப்புக் கோப்பில் விவரங்களை எழுதி ஒரு பொத்தானை அழுத்தினால், பக்கம் முழுவதையும் அதுவே எழுதித் தருகிறது. எழுதிய நிரலோ, அடடா, நானே எழுதியதுபோல் இருந்தது! சொல்லப்போனால், என்னுடையதைவிடச் சுத்தம்.

ஒருநாள் தங்கை அழைத்தாள். "அண்ணா, திங்கக்கிழமை பதினோரு மணி பேட்ச்சைக் காலைல ஏழுக்கு மாத்திட்டாங்க. பக்கத்துல மாத்திடு."

அமைப்புக் கோப்பைத் திறப்பானா அனுபவசாலி? மாட்டான்! கருவி எழுதிய பக்கத்தையே திறந்தேன். தேடினேன், அந்த வரிக்குப் பாய்ந்தேன், திருத்தினேன், மூடினேன். அரை நிமிடம். கை பரபரக்கும் அந்தச் சுகம் உங்களுக்குத் தெரியாதா என்ன?

பத்து நாள் கழித்து வேகச் சோதனை. தளத்தின் நிறத்தை மாற்றப் பொத்தானை அழுத்தினேன். நான்கே நொடியில் நிறம் மாறியது. 'வேகம்: பத்துக்குப் பத்து' என்று அறிக்கையில் எழுதினேன். அதே நான்கு நொடியில் திங்கட்கிழமை நேரமும் பழையபடி மாறியிருந்தது. அதை நான் பார்க்கவில்லை.

பார்த்தவர் ஒருவர் இருந்தார். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். புதிதாக அந்த பேட்ச்சில் சேர்ந்தவர், பக்கத்தைப் பார்த்துத் திங்கட்கிழமை பத்தரைக்கே வந்து சேர்ந்தார். அவருடைய படுக்கையில் வேறொருவர் இருந்தார்.

"அண்ணா, வெப்சைட்ல என்ன போட்டிருக்கே?"

"ஏழுன்னுதான் போட்டேன்."

"கண்ணைத் தொறந்து பாரு. பதினொண்ணுன்னு இருக்கு. பாவம் மனுஷன், காலு ரெண்டும் வீங்கிப்போய் உக்காந்திருக்காரு. மூச்சு வாங்குது. சாயங்காலம் வரைக்கும் ஒரு மெஷினும் காலி இல்ல."

"அந்தக் கருவி சொதப்பிடுச்சும்மா."

"கருவியா? நேரத்தை மாத்துன்னு நான் கருவிகிட்டயா சொன்னேன்? உன்கிட்டதானே சொன்னேன்!"

அவர் ஆறு மணி நேரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்தார். என் தங்கை வீட்டுக்குப் போகாமல் உடனிருந்து, மாலையில் அவருக்கு ஓர் இயந்திரம் பிடித்துக் கொடுத்தாள். அவர் பிழைத்தார்.

நானோ அன்று மதியமே அறிக்கையை முடித்தேன். 'நம்பத்தகாத கருவி, நிராகரிக்கலாம்.' ஆதாரம் இணைக்க வேண்டுமே என்று அந்தப் பக்கத்தின் கோப்பைத் திறந்தேன். வாழ்க்கையில் முதன்முறையாக முதல் வரியில் கண் நின்றது. 'இதைக் கையால் திருத்தாதீர். பொத்தானை அழுத்தும்போதெல்லாம் இக்கோப்பு முழுவதும் புதிதாக எழுதப்படும்.'

கேட்கிறேன்: கோப்பின் முதல் வரியைப் படித்துவிட்டுத் திருத்துகிறவர்கள் இந்த அவையில் எத்தனை பேர்? கை தூக்குங்கள். ஒரே ஒரு கை. ஐயா, நீங்கள் ஒலிபெருக்கி போட வந்தவர், உங்களைக் கணக்கில் சேர்க்க முடியாது.

அறிக்கையை அழித்து மறுபடி எழுதினேன். கருவி நல்ல கருவி. எழுதித் தரும் நிரல் தெளிவு, இலவசம் என்றாலும் உள்ளே கொக்கி ஏதும் இல்லை. குறை ஒன்று உண்டு. நம் கைத்திருத்தத்தை அழிக்கும் முன் அது ஒரு வார்த்தை கேட்பதில்லை. கேட்க வைக்கும்படி அதைச் செய்தவர்களுக்கு எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை. அதுவரையில் கவனத்தோடு ஏற்கலாம் என்பது என் பரிந்துரை. என்ன சொல்கிறீர்கள்? 'உங்களுக்கு எத்தனை மதிப்பெண்' என்றா? அருமையான கேள்வி. அதற்குத்தான் வருகிறேன்.

மறுவாரம் அந்த ஓட்டுநரைப் போய்ப் பார்த்தேன். "தப்பு என்னோடதுதாங்க, வெப்சைட்டோடது இல்ல" என்றேன். அவர் கோபிக்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அவர் சொன்னது ஒரே வாக்கியம்.

தலைவர் அவர்களே, சங்கத்தின் மதிப்பீட்டுப் படிவத்தில் கடைசிக் கட்டம், 'பயன்படுத்தியவர் கருத்து'. அதில் என் கருத்தை எழுதும் தகுதியை நான் இழந்துவிட்டேன். அவர் சொன்னதையே, ஓர் எழுத்தும் திருத்தாமல் எழுதியிருக்கிறேன். வாசித்துவிட்டு அமர்கிறேன்.

"பரவால்ல தம்பி. இனிமே நான் போன் பண்ணியே கேட்டுக்கிறேன்."

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் என் தங்கைக்கு அவர் போன் செய்கிறார். நேற்றும் செய்தார்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், கடிகாரத்தை ஒன்பது முறை மட்டுமே பார்த்த தலைவருக்கும், கை தூக்கிய அந்த ஒருவருக்கும் என் நன்றி. வணக்கம்.