பஸ்ஸில் ஏறக் கூடாத பச்சை பெயிண்ட்

“பெயிண்ட்டோட ஏறினா வண்டியே எடுக்க மாட்டேன்” என்று கண்டக்டர் சொன்னது என் காதில் விழுந்தது. ஆவடியில் புறப்படக் காத்திருந்த பூந்தமல்லி பஸ்ஸின் பின்படியருகே, மீந்த பச்சை பெயிண்ட்டைச் சுமந்த மூடியில்லாத டப்பாவும் பிரஷுமாக ஒரு பெயிண்டர் நின்றிருந்தார்.

“அண்ணாத்தே, நாலு மணிக்கு எம்பொண்ண பாக்க வராங்க. இந்த வண்டிய உட்டா மானமே பூடும்.”

“அப்போ கொட்டிட்டு ஏறு. போன வாரம் ஒருத்தன் உள்ள சிந்திட்டான். பொடவை பாழாப்போன அம்மா என்னைத்தான் திட்டிச்சு.”

பெயிண்டர் சாக்கடைப் பக்கம் குனிந்தார். ஜன்னலோரம் கீரைக்கூடையுடன் அமர்ந்திருந்த பெண்மணி எட்டிப் பார்த்தார்.

“இன்னாய்யா பண்ற? அந்தத் தண்ணி எங்க ஏரிக்குத்தான் வருது. எம்மாடு பச்சையா பால் கறந்தா நீ குடிப்பியா?”

“பஸ்லயும் ஏத்தக்கூடாது, கீழயும் ஊத்தக்கூடாது. நானே குடிச்சிரட்டா?”

கண்டக்டர் சொன்னதும் நியாயம், அந்தப் பெண்மணி சொன்னதும் நியாயம். டப்பாவுக்குத்தான் போக்கிடம் இல்லை. பெயிண்டர் பஸ்ஸின் பின்னால் போனார். டிரைவர் டீ குடித்து முடிப்பதற்குள் திரும்பி வந்து, காலி டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினார்.

“எங்கய்யா ஊத்தின?”

“ஊத்தல நைனா. ஒன் வண்டி பம்பர் துருப்புடிச்சிக் கெடந்துச்சு. ரெண்டு கோட்டிங் அடிச்சிட்டேன்.”

கண்டக்டர் நம்பாமல் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். விசிலை எடுத்த விரல்கள் பச்சையாக இருந்தன.

“பெயிண்ட்டோட ஏறினா வண்டி எடுக்க மாட்டேன்னியே, கண்டக்டரே” என்றார் கீரைக்கூடைப் பெண்மணி.