ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு

அந்தக் கதவையே பாத்துக்கிட்டு இருக்காதம்மா. கோர்ட்டுல பேரக் கூப்பிட்டா தெருக்கோடி வரைக்கும் கேக்கும். இப்படி உக்காரு. என்ன கேஸு, வீட்டுத் தகராறா? சரி சரி, சொல்ல வேணாம். நான்தான் ஓயாம பேசுறவ. ஆஸ்பத்திரி லாண்டரில வேல, மெஷின் சத்தத்துல கத்திக் கத்தியே பழகிடுச்சு.

எனக்கா? அரசாங்கத்து மேல கேஸு. சிரிக்காத, நெசமாத்தான்.

பக்கத்துக் கட்டடத்துல சின்னக் கோர்ட்டு இருக்குல்ல? வண்டிய தப்பா நிறுத்துனவன், குடிச்சிட்டு ரகள பண்ணவன், நாய் கடிச்ச பஞ்சாயத்து, இதெல்லாம் விசாரிக்கிற எடம். அங்க உள்ள ஜட்ஜு ஒரு வருஷத்துக்கு மேல ஜெயில் போடக் கூடாது. அதுக்கு மேலன்னா பெரிய கோர்ட்டுதான். அரசியல் சட்டத்துலயே அப்படித்தான் இருக்கு. ஆனா கேஸு மலையா குமிஞ்சு போச்சுன்னு போன வருஷம் புதுசா ஒரு சட்டம் கொண்டாந்தாங்க. இனிமே சின்ன ஜட்ஜே பன்னண்டு வருஷம் வரைக்கும் போடலாமாம். குருவி தலையில பனங்காய வச்ச மாதிரி. எங்க லாண்டரில தலகாணி உறை தொவைக்கிற மெஷின்ல கம்பளியத் திணிச்சா மெஷின் பெருசாயிடுமா? கம்பளி அழுக்கோடதான் வெளிய வரும்.

அந்த ஜட்ஜக் குத்தம் சொல்ல மாட்டேன். சின்ன வயசு, பாவம். காலைல பூரா அபராதம் கட்டுறவங்க, சாப்பிட்டு வந்து உக்காந்தா உயிர் போன கேஸு.

எந்தக் கேஸா? ரெண்டு பேரு ஒரே குடோன்ல வேல. லோடு ஏத்துற மேடைல வாய்ச்சண்டை. ஒருத்தன் தள்ளிட்டான், இன்னொருத்தன் விழுந்தான், போய்ச் சேந்துட்டான். தள்ளுனவனுக்கு அந்தச் சின்ன ஜட்ஜே பன்னண்டு வருஷம் போட்டுட்டாரு. ஜெயில் உள்ள இருக்குறவன் மனு போட்டான், அந்தத் தீர்ப்பு செல்லாதுன்னு. நானும் அதுல சேந்துக்கிட்டேன்.

காலைல அரசாங்க வக்கீல் வந்து, உங்களுக்கு எதுக்கும்மா இந்த வேல, வாபஸ் வாங்குங்கன்னாரு. உங்க சட்டம் சரின்னா துணி தொவைக்கிறவளக் கண்டு ஏன் சார் பயப்படுறீங்கன்னேன். மூஞ்சி சுண்டிப் போச்சு. இந்த மனுவுல சேந்ததுக்காக எங்கண்ணன் என்கிட்ட பேச்ச விட்டு நாளாச்சு. விடட்டுமே. நான் வாபஸ் வாங்க மாட்டேன்.

சின்னக் கோர்ட்டுல ஒரு வழக்கம் இருக்கும்மா. நேரம் இல்லையா, அதனால எல்லாத்துக்கும் ஆமா, இல்லன்னுதான் பதில் சொல்லணும். வண்டிக் கேஸுக்கு அது போதும். தள்ளுனவன்கிட்டயும் அப்படித்தான் கேட்டாங்க, நீ தள்ளுனியான்னு. தள்ளுனேன், ஆனா கீழ விழுந்தப்புறம் அவன் என் கையப் புடிச்சுக்கிட்டு ஒண்ணு சொன்னான்னு ஆரம்பிச்சான். கதையெல்லாம் வேணாம், ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு சொல்லுன்னுட்டாரு ஜட்ஜு. ஆமான்னான். எழுதிக்கிட்டாங்க. பெரிய கோர்ட்டுல அப்படி வாய அடைக்க முடியாது. முழுசாச் சொல்ல விட்டே ஆகணும்.

என்னது? உள்ள இருக்குறது என் மகனா?

இல்லம்மா. விழுந்தவன்தான் என் மகன்.

ஏன் அப்படிப் பாக்குற? அவனப் பாக்க விடுங்கன்னு ஜெயிலுக்குப் போய்க் கேட்டுப் பாத்துட்டேன். செத்தவன் வீட்டு ஆளுங்கள உள்ள விட மாட்டாங்களாம். இந்தக் கேஸுல ஜெயிச்சா, பெரிய கோர்ட்டுல மறுபடி விசாரிக்கிறப்ப அவன் தப்பிச்சு வெளிய வந்தாலும் வந்துருவான். தெரியாமலா வந்து உக்காந்திருக்கேன்? வயிறு எரியுதும்மா. எரிஞ்சாலும் பரவால்ல. பன்னண்டு வருஷத்த அவங்களே வச்சுக்கட்டும். கீழ கெடந்து எம்புள்ள என்ன சொன்னான்னு எனக்குத் தெரியணும்.